நம் எண்ணெயை நாமே எடுத்தால் இறக்குமதி நின்றுவிடுமா?

“மும்பைக் கடலில் எண்ணெய் இருக்கிறது, ராஜஸ்தானில் இருக்கிறது, அசாமில் இருக்கிறது, காவிரிப் படுகையிலும் இருக்கிறது. இப்போது அந்தமானில் வேறு ஏராளமாக இருக்கிறது என்கிறார்கள். பிறகு ஏன் அரபு நாடுகளையும் ரஷ்யாவையும் நம்பியிருக்க வேண்டும்? முழுமூச்சாக இறங்கினால் இறக்குமதியே தேவைப்படாது அல்லவா?” என்பது கேள்வி.

முடியாது. முழுவதும் வேண்டாம், பாதியளவுக்குக்கூட முடியாது. இன்று இந்தியா எரிக்கும் எண்ணெயில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான் சொந்த நாட்டில் கிடைக்கிறது. அது நான்கில் ஒரு பங்காக உயர்ந்தாலே எண்ணெய்த் துறைக்காரர்கள் பட்டாசு வெடித்துக் கொண்டாடுவார்கள். எண்ணெயே இல்லை என்பதல்ல காரணம். இருக்கிறது. இருப்பதற்கும் நாம் செலவழிப்பதற்கும் நடுவில் உள்ள தூரம்தான் பிரச்சினை.

2024-25 நிதியாண்டில் நாட்டின் பெட்ரோலியப் பொருள் பயன்பாடு ஏறத்தாழ 24 கோடி டன். உள்நாட்டில் எடுத்த கச்சா எண்ணெய் 2.87 கோடி டன். இப்போது நாற்பது வருடம் பின்னால் போவோம். 1984-85இல் உள்நாட்டு உற்பத்தி கிட்டத்தட்ட 2.9 கோடி டன். ஆமாம், இன்றைக்கு எடுப்பதும் அதே அளவுதான். ஆனால் அன்றைய பயன்பாடு 4 கோடி டன்னுக்கும் குறைவு. அதாவது அன்றைக்குத் தேவையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நம்மிடமே இருந்தது. “அந்தக் காலத்தில் முடிந்தது, இப்போது ஏன் முடியவில்லை?” என்று கேட்பவர்கள் மனதில் இருப்பது அந்தக் காலம்தான். உற்பத்தி நின்ற இடத்திலேயே நிற்க, தேவை ஆறு மடங்காகிவிட்டது.

நடுவில் உற்பத்தி அப்படியே அசையாமல் இருந்தது என்றும் சொல்ல முடியாது. 2011-12இல் 3.8 கோடி டன் வரை ஏறியது. அதன் பிறகு அநேகமாக ஒவ்வோர் ஆண்டும் இறக்கம்தான்.

அந்த எண்பதுகளின் வளத்துக்குக் காரணம் ஒரே ஒரு வயல். மும்பைக்கு மேற்கே 160 கி.மீ. தொலைவில், 1974 பிப்ரவரியில் ‘சாகர் சாம்ராட்’ என்ற துரப்பண மேடை எண்ணெயைத் தொட்டது. 1976இல் உற்பத்தி தொடங்கியது. அதுதான் பாம்பே ஹை. எண்பதுகளின் கடைசியில் நாளொன்றுக்கு 4.7 லட்சம் பீப்பாய்க்கு மேல் கொடுத்தது. இன்று அதில் மூன்றில் ஒரு பங்குகூட வருவதில்லை. வயதாகிவிட்டது.

எண்ணெய் வயலுக்கு வயதாவது என்றால் என்ன என்று தெரியாமல் இந்த விஷயம் பிடிபடாது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நிலத்துக்கடியில் எண்ணெய் ஏரி மாதிரி தேங்கி நிற்பதில்லை. பாறையின் கண்ணுக்குத் தெரியாத துளைகளுக்குள், நீரோடும் வாயுவோடும் சேர்ந்து அழுத்தத்தில் அடைபட்டுக் கிடக்கிறது. துளை போட்டதும் அந்த அழுத்தமே எண்ணெயை மேலே தள்ளும். சில வருடங்களில் அழுத்தம் குறைந்துவிடும். அப்புறம் பக்கத்துக் கிணறுகள் வழியாக நீரை உள்ளே செலுத்தி எண்ணெயைத் தள்ள வேண்டும். செலுத்திய நீர் சும்மா இருக்குமா? அதுவும் எண்ணெயோடு சேர்ந்து மேலே வரத் தொடங்கும். பழைய வயல்களில் கிணற்றிலிருந்து வருவதில் பெரும்பகுதி நீர்தான். எண்ணெய் அதில் கொஞ்சம். அதைப் பிரித்து, நீரைச் சுத்தம் செய்து, மறுபடி உள்ளே அனுப்பி... ஒரு பீப்பாய்க்கு ஆகும் செலவு ஏறிக்கொண்டே போகும். இவ்வளவு செய்தும் பாறையில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கை எடுப்பதே நம் வயல்களில் பெரும்பாடு. மீதி பாறையிலேயே தங்கிவிடும்.

இப்படி முதிர்ந்த வயல்கள் ஆண்டுக்கு ஏழெட்டு சதவீதம் தானாகவே இறங்கும். நம் மொத்த உற்பத்தியில் பெரும்பகுதி இப்படிப்பட்ட வயல்களிலிருந்துதான் வருகிறது. 2.87 கோடி டன்னில் ஏழு சதவீதம் என்றால் 20 லட்சம் டன். ஒவ்வொரு வருடமும் புதிதாக 20 லட்சம் டன் சேர்த்தால்தான் நேற்று எடுத்த அளவை இன்றும் எடுக்க முடியும். இதோடு கிருஷ்ணா-கோதாவரி ஆழ்கடலில் அரசின் எண்ணெய் நிறுவனமான ஓஎன்ஜிசி நடத்தும் பெரிய திட்டத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். காக்கிநாடாவுக்கு எதிரே உள்ள அந்தப் பகுதி ஏலத்தில் ஒதுக்கப்பட்டது 2000ஆம் ஆண்டில். முதல் எண்ணெய் வெளியே வந்தது 2024 ஜனவரியில். உச்ச உற்பத்தி என்று அறிவிக்கப்பட்ட இலக்கு நாளொன்றுக்கு 45,000 பீப்பாய். வருடக் கணக்கில் அது 22 லட்சம் டன். அதாவது ஏறத்தாழ கால் நூற்றாண்டு எடுத்துக்கொண்ட ஒரு திட்டம் முழு வேகத்தில் ஓடினாலும், மற்ற வயல்களில் ஒரே ஆண்டில் ஏற்படும் இறக்கத்தைத்தான் ஈடுகட்டும். ‘உற்பத்திச் சரிவு தடுத்து நிறுத்தப்பட்டது’ என்று எண்ணெய் நிறுவனங்கள் பெருமையாக அறிக்கை விடுவதைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அது உண்மையிலேயே பெரிய வேலை.

பாம்பே ஹையில் எப்படியாவது கூடுதலாகக் கறக்கலாம் என்று 2025இல் பிரிட்டனின் பிபி நிறுவனத்தைத் தொழில்நுட்ப உதவிக்குச் சேர்த்திருக்கிறார்கள். நல்ல முடிவு என்றே நினைக்கிறேன், ஆனால் எண்பதுகள் திரும்பாது.

சரி, மொத்தக் கையிருப்பு எவ்வளவு? மண்ணுக்கடியில் இருப்பது உறுதியாகி, இன்றைய தொழில்நுட்பத்தில் லாபகரமாக எடுக்கக் கூடியது என்று கணக்கில் வைத்திருப்பது சுமார் 450 கோடி பீப்பாய். உலகக் கையிருப்பில் இது அரை சதவீதம்கூட இல்லை. நாம் நாளொன்றுக்குச் செலவழிப்பது சுமார் 55 லட்சம் பீப்பாய். வகுத்துப் பாருங்கள்: இரண்டேகால் வருடம். வெளிநாட்டு எண்ணெயே வேண்டாம் என்று கதவைச் சாத்திவிட்டு இருப்பதை எல்லாம் நினைத்த வேகத்தில் உறிஞ்ச முடிந்தால்கூட அவ்வளவுதான். நினைத்த வேகத்தில் உறிஞ்ச முடியாது என்பது வேறு விஷயம். வேகமாக இழுத்தால் நீர் முந்திக்கொண்டு வந்துவிடும், வயல் பாழாகும்.

ராஜஸ்தான் கதை கொஞ்சம் உற்சாகமானது. பார்மர் பாலைவனத்தில் ஷெல் நிறுவனம் ‘இதில் ஒன்றும் தேறாது’ என்று தன் பங்கை விற்றுவிட்டுப் போனது. வாங்கிய கெய்ர்ன் நிறுவனம் 2004 ஜனவரியில் ‘மங்களா’ வயலைக் கண்டுபிடித்தது. நாட்டின் நிலப்பகுதியில் அண்மைக் காலத்தில் கிடைத்த மிகப் பெரிய எண்ணெய் அது. ஆனால் அந்த எண்ணெயின் குணம் ஒரு மாதிரி. மெழுகு அதிகம். பாறைக்குள் சூட்டில் இருக்கும்வரை திரவமாக இருக்கும். வெளியே வந்து ஆறினால் கெட்டிப்பட்டுவிடும். சாதாரணக் குழாயில் விட்டால் வழியிலேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். அதனால் அங்கிருந்து குஜராத் கடற்கரை வரை ஏறத்தாழ 670 கி.மீ. நீளத்துக்கு வெப்பக் காப்புப் போட்ட குழாய் பதித்து, சுமார் இருபது கி.மீ.க்கு ஒரு வெப்ப நிலையம் வைத்து, வழி நெடுகச் சூடாக்கிக்கொண்டே கொண்டுபோகிறார்கள். தொடர்ந்து சூடாக்கப்படும் எண்ணெய்க் குழாய்களில் உலகிலேயே நீளமானது என்று சொல்வார்கள். 2009இல் உற்பத்தி தொடங்கி, ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு 2 லட்சம் பீப்பாயைத் தொட்டது. இன்று அதில் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. பாலிமர் கலந்த நீரைச் செலுத்துவது போன்ற வித்தைகளை எல்லாம் செய்தும் இந்த நிலை. நாடே கொண்டாடிய கண்டுபிடிப்பு. உச்சத்தில் இருந்தபோதும் அன்றைய தேவையில் இருபதில் ஒரு பங்கு அளவுக்குத்தான் கொடுத்தது.

அடுத்து அந்தமான். ‘இரண்டு லட்சம் கோடி லிட்டர் எண்ணெய்!’ என்று 2025இல் தலைப்புகள் பறந்தன. முதலில், அப்படி எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. பெட்ரோலிய அமைச்சர் ஹர்தீப் சிங் பூரி, தென் அமெரிக்காவின் கயானாவில் கிடைத்ததுபோல அந்தமான் கடலில் கிடைக்கலாம் என்ற எதிர்பார்ப்பைச் சொன்னார். கயானாவில் கிடைத்தது 1,100 கோடி பீப்பாய்க்கு மேல். அதை லிட்டராக்கினால் இந்தப் பிரம்மாண்ட எண் வரும். அந்த ஆண்டு செப்டம்பரில் ஆயில் இந்தியா நிறுவனம் அந்தமானில் தோண்டிய கிணறு ஒன்றில் இயற்கை எரிவாயு இருப்பது தெரிய வந்தது. எண்ணெய் அல்ல, எரிவாயு. அதுவும் ஆரம்பகட்ட அறிகுறி.

ஒரு பேச்சுக்கு, கயானா அளவுக்கே நமக்கும் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நாம் நாளொன்றுக்கு எரிப்பது சுமார் 87 கோடி லிட்டர். அந்த இரண்டு லட்சம் கோடியும் நம் அடுப்புக்கும் வண்டிக்கும் ஆறேழு வருடத்துக்கு மேல் தாங்காது. அதை ஆறேழு வருடத்தில் எடுக்கவும் முடியாது. கயானா எண்ணெயைக் கண்டுபிடித்தது 2015இல். முதல் உற்பத்தி 2019 டிசம்பரில். உலகமே மூக்கில் விரல் வைத்த வேகம் அது. பத்தாண்டு கழித்து, 2025இன் பிற்பகுதியில், நாளொன்றுக்கு 9 லட்சம் பீப்பாய் அளவை எட்டினார்கள். எட்டு லட்சம் சொச்சம் பேர் உள்ள நாட்டுக்கு அது புதையல். நம் தேவையில் ஆறில் ஒரு பங்கு. வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் இறக்குமதி நிற்காது. தேவையில் இறக்குமதியின் பங்கு 88 சதவீதத்திலிருந்து 72 ஆகும், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் வழக்கமாக இன்னொரு வாதம் வரும்: எண்ணெய் நிறைய இருக்கிறது, இறக்குமதியில் கமிஷன் பார்ப்பவர்கள் எடுக்க விடுவதில்லை என்று. இது டீக்கடைப் பேச்சு மட்டும் அல்ல. 2013இல் அன்றைய பெட்ரோலிய அமைச்சர் வீரப்ப மொய்லியே இறக்குமதி லாபி அமைச்சர்களை மிரட்டுகிறது என்று பேசினார். கமிஷன், ஊழல் எல்லாம் எண்ணெய்த் துறையில் இல்லவே இல்லை என்று நான் வாதாடப் போவதில்லை. ஆனால் இந்த வாதம் ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. 1999 முதல் கடலிலும் நிலத்திலும் பகுதி பகுதியாக ஏலம் விட்டுக்கொண்டே இருக்கிறார்கள். புதிய கொள்கையின் கீழ் நடந்த முதல் ஏலத்தில், 2018இல், 55 பகுதிகளில் 41ஐ வேதாந்தா ஒருவரே எடுத்தார்கள். பின்னர் நடந்த ஏலங்களிலும் பெரும்பாலும் ஓஎன்ஜிசியும் ஆயில் இந்தியாவும்தான் கேட்டார்கள். அமெரிக்காவின் எக்ஸான்மொபில், செவ்ரான் போன்றவர்கள் போட்டி போட்டு வரவில்லையே, ஏன்? பூமிக்கடியில் பொக்கிஷம் உறுதியாக இருந்தால் அவர்களை யாராலும் தடுத்திருக்க முடியாது.

வராததற்கு மண்ணின் அமைப்பு ஒரு காரணம். அரசின் நடத்தை இன்னொரு காரணம், அதை மூடி மறைக்கவும் கூடாது. பார்மரில் எண்ணெய் கண்டுபிடித்த அதே கெய்ர்ன் குழுமத்தின் மேல் முன்தேதியிட்ட சட்டத்தைக் காட்டி வருமான வரி போட்டார்கள். சர்வதேச நடுவர் மன்றம் 2020 டிசம்பரில் இந்தியாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்து 120 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது. 2021இல் சட்டத்தையே மாற்ற வேண்டி வந்தது. பல ஆயிரம் கோடி ரூபாயைக் கடலில் கொட்டி, பத்து வருடம் காத்திருக்கும் தொழிலில் இருப்பவர் இதைப் பார்த்துவிட்டு எந்தத் தைரியத்தில் வருவார்? அப்புறம் 2022 ஜூலையில் உள்நாட்டுக் கச்சா எண்ணெய்க்கு, விலையேற்றத்தால் எதிர்பாராமல் வரும் லாபத்தின் மேல் ஒரு வரி. அது 2024 டிசம்பரில்தான் போனது. நாட்டில் எண்ணெய் இருக்க வாய்ப்புள்ள படிவுப் படுகைகளின் பரப்பு 33 லட்சம் சதுர கி.மீ.க்கு மேல். அதில் தேடுதல் நடப்பது பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான். தேடாத இடத்தில் எதுவும் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஷெல் கைகழுவிய இடத்தில்தானே மங்களா கிடைத்தது. தேட வேண்டும். ஆனால் தேடிக் கிடைக்கப்போவதை இப்போதே வரவில் எழுதிவிட முடியாது.

இலக்கு வைத்தும் பார்த்தாகிவிட்டது. 2015 மார்ச்சில் பிரதமர் மோடி, அப்போது 77 சதவீதமாக இருந்த இறக்குமதிச் சார்பை 2022க்குள் 67 ஆகக் குறைப்போம் என்றார். 2024-25இல் அது 88 சதவீதம். குறைவதற்குப் பதில் பதினொரு புள்ளி ஏறியிருக்கிறது.

நம் ஊர்ப் பக்கம் வருவோம். நாகப்பட்டினம் பனங்குடியில் 1993இல் ஒரு சிறிய சுத்திகரிப்பு ஆலை தொடங்கினார்கள். நரிமணம் வட்டாரத்தில் வயல்களுக்கு நடுவே எடுக்கும் எண்ணெயை அங்கேயே சுத்திகரிப்பது என்பதுதான் யோசனை. ஆண்டுக்கு 5 லட்சம் டன் திறனில் ஆரம்பித்து, பிறகு 10 லட்சமாக்கினார்கள். 2019இல் மூடிவிட்டார்கள். அங்கே 90 லட்சம் டன் திறனில் புதிய ஆலை கட்டத் திட்டமிட்டார்கள். அதற்கு எண்ணெய் எங்கிருந்து வரும்? கப்பலில்தான். தமிழ்நாட்டு நிலப்பகுதியில் அண்மை ஆண்டுகளில் எடுப்பது ஆண்டுக்கு 5 லட்சம் டன்னுக்கும் கீழே. நாட்டின் தேவையில் அது 0.2 சதவீதம்.

நெடுவாசல், கதிராமங்கலம் போராட்டங்களின்போது ‘நாட்டின் எரிபொருள் தேவைக்காக விவசாயிகள் விட்டுக்கொடுக்க வேண்டும்’ என்று சிலர் பேசினார்கள். அந்த வாதம் எனக்கு அப்போதும் ஏற்கவில்லை, காரணம் இந்த 0.2தான். 2020இல் தமிழ்நாடு அரசு டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துப் புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களுக்குத் தடை போட்டது. பழைய கிணறுகள் ஓடுகின்றன. தடையை நீக்கி டெல்டா முழுக்கத் துளை போட்டு உற்பத்தியை இரண்டு மடங்காக்கினாலும் நாட்டின் இறக்குமதிக் கணக்கில் ஒரு புள்ளி அசையாது. நிலத்தடி நீரையும் சாகுபடியையும் பணயம் வைப்பதற்கு அது போதுமான காரணமா என்பதை அந்த ஊர்க்காரர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

இன்னொரு நம்பிக்கையையும் தொட்டுவிடுகிறேன்: சொந்த எண்ணெய் என்றால் பெட்ரோல் விலை குறையும் என்பது. குறையாது. ஓஎன்ஜிசி தன் எண்ணெயை நம் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு உலகச் சந்தை விலையை ஒட்டித்தான் விற்கிறது. உலகில் விலை ஏறினால் ஓஎன்ஜிசியின் லாபம் ஏறும், பங்க்கில் உங்கள் பில்லும் ஏறும். அமெரிக்கா நாளொன்றுக்கு 130 லட்சம் பீப்பாய்க்கு மேல் எடுக்கிறது, உலகிலேயே அதிகம். 2022இல் உக்ரைன் போர் தொடங்கியதும் அங்கேயும் பெட்ரோல் விலை எகிறத்தான் செய்தது. இவ்வளவு எடுத்தும் அவர்கள் கச்சா எண்ணெய் இறக்குமதியை நிறுத்தவில்லை என்பது இன்னொரு வேடிக்கை. அவர்களின் ஆலைகள் பல கனமான எண்ணெய்க்காகக் கட்டப்பட்டவை, ஷேல் என்ற இறுகிய களிமண் பாறையில் கிடைப்பதோ லேசான எண்ணெய். நமக்கு ஷேலும் கைகொடுக்கவில்லை. குஜராத்தில் சில கிணறுகள் தோண்டிப் பார்த்தார்கள், லாபகரமாக எதுவும் வரவில்லை.

அப்படியானால் உள்நாட்டில் எண்ணெய் எடுப்பதே வீண் வேலையா? இல்லவே இல்லை. 2.87 கோடி டன் என்பது சுமார் 21 கோடி பீப்பாய். 2024-25இல் நாம் வாங்கிய எண்ணெயின் சராசரி விலை பீப்பாய்க்கு 78 டாலர் சொச்சம். ஆக, வருடத்துக்கு 1,600 கோடி டாலர் வெளியே போகாமல் மிச்சம். எடுப்பதை விடாமல் எடுக்க வேண்டும், புதிதாகத் தேடவும் வேண்டும். அதற்குச் சொல்லும் காரணம்தான் ‘தன்னிறைவு’ என்று இருக்கக் கூடாது.

பாதுகாப்பு வேறு வழிகளில்தான் வருகிறது. ஒன்று, பல கடைகளில் வாங்குவது. 2022க்கு முன் ரஷ்ய எண்ணெய் நம் இறக்குமதியில் பெயரளவுக்குத்தான் இருந்தது. இரண்டே ஆண்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனது. அமெரிக்கா முறைத்தாலும், தேவைப்பட்டால் கடை மாற்ற முடியும் என்று அது காட்டியது. இன்னொன்று, வாங்கிச் சேமிப்பது. விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர் ஆகிய மூன்று இடங்களில் பாறையைக் குடைந்து 53 லட்சம் டன் எண்ணெயைச் சேமிக்கும் நிலத்தடி அறைகள் கட்டியிருக்கிறார்கள். 2020இல் கொரோனாவால் விலை தரைதட்டியபோது பீப்பாய் சராசரியாக 19 டாலருக்கு வாங்கி நிரப்பியது, என்னைக் கேட்டால், அண்மைக் காலத்தில் அரசு செய்த மிக நல்ல எண்ணெய் வியாபாரம். ஆனால் மூன்றும் நிரம்பியிருந்தாலும் அரசின் கணக்குப்படியே ஒன்பதரை நாள் தேவைக்குத்தான் காணும். ஒடிசாவின் சண்டிகோலிலும் பாதூரிலும் இன்னும் 65 லட்சம் டன்னுக்கு 2021இல் ஒப்புதல் கிடைத்தது. வேலை ஆமை வேகத்தில் நகர்கிறது. அந்தமான் பற்றிக் கேட்பவர்கள் இதைப் பற்றியும் கேட்டால் நன்றாக இருக்கும்.

மூன்றாவது, தேவையைக் குறைப்பது. ரயில் பாதைகள் அநேகமாக முழுவதும் மின்மயமாகி டீசல் எஞ்சின்கள் ஓரம் கட்டப்பட்டுவிட்டன. பெட்ரோலில் எத்தனால் 2025இல் 20 சதவீதத்தை எட்டியது. ஆனால் நாட்டில் பெட்ரோல் ஆண்டுக்குச் சுமார் 4 கோடி டன். டீசல் 9 கோடி டன்னுக்கு மேல். எத்தனால் பெட்ரோலில்தான் கலக்கிறது. லாரியும் டிராக்டரும் எரிக்கும் டீசலுக்கு மாற்று இன்னும் பெரிய அளவில் வரவில்லை. இரு சக்கர வண்டியும் ஆட்டோவும் மின்சாரத்துக்கு மாறுவதைப் பார்த்துவிட்டு எண்ணெய்த் தேவை விழப்போகிறது என்று நினைப்பவர்கள் லாரியை மறந்துவிடுகிறார்கள்.

சர்வதேச எரிசக்தி முகமை 2024 பிப்ரவரியில் இந்தியாவுக்கென்றே வெளியிட்ட கணிப்பில், 2030இல் நம் தேவை நாளொன்றுக்கு 66 லட்சம் பீப்பாயைத் தாண்டும் என்றும், உள்நாட்டு உற்பத்தி 5.4 லட்சம் பீப்பாயாக இறங்கும் என்றும் சொன்னது. நூற்றுக்கு எட்டு. பாம்பே ஹையில் பிபி ஏதாவது சாதித்தால், ஆழ்கடல் கிணறுகள் சொன்னபடி ஓடினால் அது ஒன்பதோ பத்தோ ஆகலாம். அந்தமானில் நாளைக்கே எண்ணெய் பீறிட்டாலும் 2030 கணக்கில் அது சேராது. கயானா வேகத்தில் போனாலே முதல் கப்பல் கிளம்ப நாலரை வருடம் ஆகும்.